மாமாவின் மீன் கணக்குக்கு ஒரு மென்பொருள்: திட்டம் போடுவதிலிருந்து பராமரிப்பு வரை

தண்டையார்பேட்டையில் இருந்து, பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "என் மாமா காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து ஓட்டல்களுக்கும் சில்லறை வியாபாரிகளுக்கும் கொடுக்கிறார். கணக்கு முழுக்க நோட்டில்தான். ஒரு சாஃப்ட்வேர் செய்து தரச் சொல்கிறார். கல்லூரியில் திட்டமிடல், தேவை அறிதல், வடிவமைப்பு, கோடிங், சோதனை, நிறுவுதல், பராமரிப்பு என்று ஏழு நிலைகள் படித்தேன். தனி ஆளாகச் செய்யும்போது இத்தனையும் வேண்டுமா? எதில் தொடங்குவது? எத்தனை நாள் ஆகும்?"

ஏழும் வேண்டும் தம்பி. ஆனால் பரீட்சைத் தாளில் எழுதிய வரிசையிலும் அளவிலும் அவை வராது. நான் 18 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். முதல் 8 வருடம் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கம்பெனி. அதன்பின் பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டு மாடியிலேயே உட்கார்ந்து எம்.சி. ரோட்டுத் துணிக்கடை, மண்ணடி இரும்புக்கடை, காசிமேட்டு மீன் வியாபாரி என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் செய்து கொடுக்கிறேன். தப்பு எல்லா நிலையிலும் நடக்கும். அதைக் காகிதத்தில் இருக்கும்போதே பிடித்தால் ஒரு அழிப்பானோடு போய்விடும். கோடில் பிடித்தால் ஒரு வாரம் போகும். மாமா அதை நம்பி வியாபாரம் செய்யத் தொடங்கிய பிறகு பிடித்தால் பணமும் உறவும் சேர்ந்து போகும். அந்தத் தப்பை மலிவாக இருக்கும்போதே பிடிப்பதற்காகத்தான் இத்தனை நிலைகளும் இருக்கின்றன. பாரி போம் என்ற அமெரிக்கர், திருத்தம் தாமதமாகத் தாமதமாகச் செலவு பல மடங்கு ஏறுவதைப் பெரிய திட்டங்களின் கணக்குகளை வைத்து 1981-லேயே காட்டினார். சின்ன வேலையில் அந்த ஏற்றம் குறைவு என்றும் அவரே சொன்னார். குறைவுதான். ஆனாலும் வலிக்கும்.

நிலைகள் எங்கிருந்து வந்தன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாடத்தில் பாதிதான் வந்திருக்கும். 1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் ஊரில் நேட்டோ ஆதரவில் ஒரு கூட்டம் நடந்தது. எழுதும் மென்பொருளெல்லாம் காலம் தாழ்ந்து, செலவு மீறி, தப்போடு வருகிறதே என்ற கவலையில் கூடியவர்கள் அவர்கள். 'சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்' என்ற பெயர் அங்கிருந்துதான் பரவியது. 1970-ல் வின்ஸ்டன் ராய்ஸ் என்ற பொறியாளர் ஒரு கட்டுரையில், தேவையில் தொடங்கி இயக்கம் வரை படிப்படியாக இறங்கும் ஒரு படம் போட்டார். பின்னால் வந்தவர்கள் அதற்கு 'வாட்டர்ஃபால்' என்று பெயர் வைத்தார்கள். ஆனால் அதே கட்டுரையில் ராய்ஸ், இப்படி ஒரே இறக்கமாகச் செய்வது ஆபத்து, தோல்வியை வரவழைக்கும் என்றும் எழுதியிருக்கிறார். புது மாதிரியான வேலை என்றால் ஒருமுறை சிறிதாகச் செய்து பார்த்துவிட்டு, வாடிக்கையாளருக்குக் கொடுப்பது இரண்டாவது முறை செய்ததாக இருக்கட்டும் என்பது அவர் யோசனை. பாடப்புத்தகம் படத்தை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி 'அஜைல்' கொள்கையை எழுதினார்கள். சின்னச் சின்ன துண்டாகச் செய், செய்ததை உடனே பயன்படுத்துபவர் கையில் கொடு, அவர் சொல்வதைக் கேட்டு அடுத்த துண்டுக்குப் போ என்பதுதான் அதன் சாரம். உங்கள் வேலைக்கு இதுதான் பொருந்தும். ஒவ்வொரு துண்டுக்கும் ஏழு நிலையும் உண்டு, சின்ன அளவில்.

திட்டமிடல் என்றதும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக அட்டவணை போடத் தோன்றும். அதை இப்போது தொடாதீர்கள். முதல் கேள்வி: இதைச் செய்யத்தான் வேண்டுமா? கடைத்தெருவில் கிடைக்கும் பில்லிங் பேக்கேஜ் ஒன்றே மாமாவுக்குப் போதும் என்றால் அதைச் சொல்வதும் உங்கள் வேலையின் பகுதி. நான் மண்ணடியில் இரண்டு பேரிடம் அப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்களே பிறகு வேறு ஐந்து பேரை என்னிடம் அனுப்பினார்கள். பேக்கேஜில் அடங்காதது எது என்று பாருங்கள். மீன் வியாபாரத்தில் அப்படி அடங்காதவை நிறைய உண்டு. அடுத்து, மாமாவுக்கு எது அதிகம் வலிக்கிறது என்று கேளுங்கள். "எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தணும்" என்பார். அதை ஏற்காதீர்கள். போன மாதம் எதனால் பணம் போனது என்று கேளுங்கள். அநேகமாகக் கடன் பாக்கிதான் வரும்: எந்த ஓட்டல் எவ்வளவு தரவேண்டும், எத்தனை நாளாக நிற்கிறது. அப்படியானால் முதல் துண்டு பாக்கிக் கணக்கு மட்டுமே. கொள்முதல், ஐஸ், வண்டிக் கூலி, ஆள் சம்பளம் எல்லாம் வரிசையில் நிற்கட்டும். ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: யாருக்கு, எந்த வலிக்கு, எது உள்ளே, எது வெளியே, எந்தத் தேதிக்கு, எவ்வளவு பணம், முடிந்தபின் யார் பார்த்துக்கொள்வது. மாமாதானே என்று பணத்தைப் பேசாமல் விடாதீர்கள். சொந்தத்துக்குச் செய்த வேலைதான் பேசாமல் விட்டதால் பாதியில் நிற்கும்.

இனி தேவை அறிதல். இங்கே நிறையச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் நான் அதிகம் இழந்தது இங்கேதான்.

பத்து வருடம் முன்பு காசிமேட்டில் ஒரு மீன் வியாபாரிக்குச் செய்தேன். மதியம் இரண்டு மணிக்கு அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன். "ஏலத்துல ஒரு குவியல் எடுப்போம், எடை போடுவோம், ரேட்டப் போட்டு எழுதிக்குவோம், அவ்ளோதான்" என்றார். நானும் ஒரு குவியல், ஒரு எடை, ஒரு வாங்குபவர் என்று எழுதிக்கொண்டு வந்து ஆறு வாரம் உட்கார்ந்து செய்தேன். கொடுத்த முதல் ராத்திரி மூன்றரை மணிக்கு ஏலக்கூடத்தில் அவருடைய கணக்கர் என்னைக் கூப்பிட்டார். "மூணு பேரு சேந்து எடுத்த சரக்குப்பா இது. ஒரு பேருதான் போட முடியும்னா மீதி ரெண்டு பேரு கணக்க எங்க எழுதறது?" ஏலத்தில் ஒருவர் குரல் கொடுத்து எடுக்கிறார், அங்கேயே தரையில் அதை மூன்றாகப் பிரிக்கிறார்கள், வஞ்சிரம் ஒருவருக்கு, சங்கரா ஒருவருக்கு, மிச்சத்தில் கலந்து கிடக்கும் நெத்திலி மூன்றாமவருக்கு, ரேட்டும் பிரிகிறது, கடனும் பிரிகிறது. இது தினமும் நடப்பது. அவருக்கு இது மூச்சு விடுவதைப் போல, அதனால் சொல்லத் தோன்றவில்லை. நான் போய்ப் பார்க்கவில்லை. தரவைச் சேமிக்கும் டேபிள் அமைப்பையே மாற்ற வேண்டி வந்தது. மூன்று வாரம் கூடுதலாகப் போனது, அதற்குப் பணம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அதனால் மாமாவிடம் கேட்பதற்கு முன் மாமாவோடு போங்கள். ஒரு நாள் போதாது, நாலைந்து ராத்திரியாவது. பேச வேண்டாம், பாருங்கள். யார் எழுதுகிறார்கள், எதில் எழுதுகிறார்கள், எழுதாமல் மனதில் வைத்துக்கொள்வது எது, எதைச் சுருக்கி எழுதுகிறார்கள். பழைய நோட்டு மூன்று மாதத்தை வாங்கி வரி வரியாகப் படியுங்கள். அடித்துத் திருத்திய வரிதான் உங்களுக்குத் தங்கம். ஏன் அடித்தார் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஓட்டலில் இரண்டு கிலோ கெட்டுப்போனதென்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். எடையில் ஐஸ் தண்ணீர் கழித்திருப்பார்கள். நேற்றைய ரேட்டை இன்று பேசிக் குறைத்திருப்பார்கள். "அது எப்பவாவதுதான் நடக்கும்" என்று அவர் ஒதுக்கும் ஒவ்வொன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் உடைவது அந்த 'எப்பவாவது'களில்தான்.

என்ன செய்ய வேண்டும் என்பதோடு, எந்த நிலையில் செய்ய வேண்டும் என்பதையும் கவனியுங்கள். ஏலக்கூடத்தில் தரை ஈரம், கை ஈரம். ஈர விரலுக்கு டச் ஸ்கிரீன் சரியாக மசியாது. சத்தத்தில் போனில் பேசுவதும் கேட்காது. நெட் நின்று நின்று வரும். ஆகவே நெட் இல்லாமலும் பதிவு ஆக வேண்டும், பட்டன் பெரிதாக இருக்க வேண்டும், ஒரு பதிவுக்கு மூன்று தட்டலுக்கு மேல் போகக் கூடாது. ஒருவேளை, அங்கே போனைத் தொடாமல் சிட்டையில் எழுதி, விடிந்தபின் வீட்டில் ஏற்றுவதே சரியாக இருக்கலாம். அதையும் அங்கே நின்றால்தான் முடிவு செய்ய முடியும். பார்த்ததையெல்லாம் தமிழில், மாமாவுக்குப் புரியும் வாக்கியங்களில் எழுதிப் படித்துக் காட்டுங்கள். "மூன்று பேர் சேர்ந்து எடுத்தால், ஒவ்வொருவர் பேரிலும் அவரவர் எடையும் ரேட்டும் தனியாக விழும்." அவர் ஆமாம் போட்டால் அதுதான் தேவை ஆவணம்.

வடிவமைப்பில் முதலில் தரவு, பிறகு திரை. திரையை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்; தரவின் அமைப்பை ஒரு வருடக் கணக்கு உள்ளே போனபின் மாற்றுவது, குடியிருக்கும் வீட்டுக்கு அஸ்திவாரம் மாற்றுகிற வேலை. மூன்று விஷயங்களை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பணத்தை ஃப்ளோட் என்ற மிதவைப் புள்ளி எண்ணாகச் சேமிக்காதீர்கள், 0.1 என்ற எண்ணைக் கம்ப்யூட்டரின் இரும முறையில் சரியாக எழுத முடியாது, ஆயிரக்கணக்கான வரிகள் கூட்டும்போது பைசா பிசகும். பைசாவாகவே முழு எண்ணில் வையுங்கள். இரண்டாவது, அலகு. கிலோவா கூடையா என்று ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எழுதி வையுங்கள். நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் 1999 செப்டம்பர் 23-ல் செவ்வாய்க்குப் பக்கத்தில் தொலைந்துபோனது. ஒரு மென்பொருள் பவுண்டுக் கணக்கில் கொடுத்த விசை எண்ணை இன்னொன்று நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டதுதான் காரணம். மூன்றாவது, தேதி. ஏலம் நடப்பது நடுராத்திரிக்குப் பின். மாமா "நேத்து ராத்திரி சரக்கு" என்பார்; கம்ப்யூட்டர் இன்று என்று போடும். வியாபாரத் தேதி என்று தனி இடம் வையுங்கள், இல்லாவிட்டால் மாதக் கடைசியில் நோட்டும் திரையும் ஒத்துப்போகாது.

இன்னொன்று, நம் கணக்கர்கள் தலைமுறையாகச் செய்வது: பேரேட்டில் எழுதியதை அழிக்க மாட்டார்கள், எதிர்ப் பதிவு போட்டுச் சரி செய்வார்கள். உங்கள் மென்பொருளிலும் பதிவை அழிக்கும் வசதி வேண்டாம். ஆறு மாதம் கழித்து ஓட்டல்காரர் சண்டைக்கு வரும்போது இதன் அருமை தெரியும். திரையைக் காகிதத்தில் பென்சிலால் வரைந்து மாமா முன் வைத்து, "ரெண்டு கிலோ திரும்பி வந்துடுச்சு, எங்க தொடுவீங்க?" என்று கேளுங்கள். அவர் விரல் தயங்கும் இடத்தை அப்போதே மாற்றுங்கள்.

கோடிங்கைப் பற்றி நீங்கள் என்னைவிட அதிகம் படித்திருப்பீர்கள், அதனால் கொஞ்சம்தான். கோடில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்து வைக்கும் கிட்டை (Git) முதல் நாளே போட்டுக்கொள்ளுங்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதிய இந்தக் கருவி, நேற்று ஓடியது இன்று ஏன் ஓடவில்லை என்ற கேள்விக்கு உங்களிடம் இருக்கும் ஒரே நேர்மையான சாட்சி. தனி ஆளுக்கு எதற்கு என்று விடாதீர்கள். ஒரு வாரத்தில் ஓடிக் காட்டக்கூடிய துண்டுகளாகப் பிரியுங்கள். நாள் தள்ளிப்போனால் நண்பர்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓ.எஸ்./360 என்ற இயங்குதள வேலையை நடத்திய ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975-ல் எழுதினார்: தாமதமான வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும். புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் நேரம், ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் நேரம் எல்லாம் உங்கள் நேரத்திலிருந்துதான் போகும். தாமதமானால் வேலையைக் குறையுங்கள், ஆளைக் கூட்டாதீர்கள்.

சோதனைக்கு வருவோம். ஒவ்வொரு சின்ன கணக்குக்கும் யூனிட் டெஸ்ட், அதாவது அதை மட்டும் தனியாகச் சரிபார்க்கும் சின்னக் கோடு, எழுதுவது நல்லது, எழுதுங்கள். ஆனால் மாமா மாதிரி ஆட்களின் மென்பொருளுக்கு நான் கண்ட மிகச் சிறந்த சோதனை, பழைய நோட்டு. முடிந்துபோன ஒரு மாதத்தை, அடித்தல் திருத்தல் உட்பட, ஒரு வரி விடாமல் உள்ளே ஏற்றுங்கள். கடைசி நாள் பாக்கி நோட்டில் உள்ளதோடு பைசா சுத்தமாகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் இரண்டில் ஒன்று தப்பு. சில நேரம் தப்பு நோட்டில் இருக்கும். அன்றைக்குத்தான் மாமா உங்கள் மென்பொருளை முதன்முறையாக மதிப்பார். பிறகு கொடுமைப்படுத்துங்கள். பதிவு போடும் நடுவில் கரண்டைப் பிடுங்குங்கள். ஒரே பட்டனை நாலு முறை அழுத்துங்கள். எடையில் 12.5-க்குப் பதில் 125 போட்டுப் பாருங்கள், எச்சரிக்கிறதா? உங்களுக்கு எல்லா வழியும் தெரியும் என்பதால் உங்கள் கை தப்பான இடத்துக்குப் போகாது; அதனால் கம்ப்யூட்டர் தெரியாத ஒருவரிடம், வீட்டில் அத்தையிடம் கொடுங்கள்.

தமிழில் பேர் போடப் போகிறீர்கள் அல்லவா, அங்கே இரண்டு குழி இருக்கிறது. ஒன்று அகரவரிசை. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் எழுத்துகளின் எண் வரிசையும் நம் அகராதி வரிசையும் ஒன்றல்ல. புள்ளியின் எண் உயிர்மெய்க் குறிகளுக்குப் பின்னால் இருக்கிறது; அதனால் வெறும் எண்படி அடுக்கினால் 'சகாயமாதா' முன்னாலும் 'சக்தி' பின்னாலும் வரும். அகராதிப்படி 'சக்தி'தான் முதலில். ன வந்தபின் ப வருவதும், வ-வுக்கு முன்னாலேயே ற, ள, ழ மூன்றும் வந்து நிற்பதும் இப்படித்தான். பாக்கிப் பட்டியலில் பேர் தேடுபவருக்கு இது பெரிய தொல்லை. தமிழ் அடுக்குமுறை தெரிந்த லைப்ரரியை, அதாவது பிறர் எழுதி வைத்த கோடுத் தொகுப்பை, பயன்படுத்துங்கள். இரண்டாவது குழி இதைவிட மோசம். 'மோகன்' என்பதில் உள்ள 'ோ' குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், 'ே' என்றும் 'ா' என்றும் இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கம்ப்யூட்டருக்கு இரண்டு மோகன். துணிக்கடை ஒன்றுக்கு, பழைய எழுத்துரு ஃபைலில் இருந்த பேர்களை யூனிகோடுக்கு மாற்றி ஏற்றியபோது ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு உருவாகி, பாக்கி இரண்டாகப் பிரிந்து நின்றது. இரண்டு நாள் தேடினேன். உள்ளே வரும் ஒவ்வொரு பேரையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டுச் சேமித்தால் இந்தத் தொல்லை இல்லை.

நிறுவுவதற்கு நம் ஊரே ஒரு நல்ல காலம் வைத்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். சின்ன நாட்டுப்படகுகள் மட்டும் போய்வரும். வரத்து குறைவு, ஆனால் வியாபாரம் அடியோடு நிற்பதில்லை. புதிய மென்பொருளை ஓட்டிப் பழக இதைவிடத் தோதான நாள் கிடைக்காது. ஏப்ரல் 15-ல் தொடங்கி நோட்டிலும் எழுதுங்கள், மென்பொருளிலும் போடுங்கள். தினமும் மாலை இரண்டையும் ஒப்பிடுங்கள். தொடர்ந்து இரண்டு வாரம் பிசகில்லாமல் வந்தபின், மாமாவே "நோட்டு எதுக்குப்பா" என்று சொல்லும்வரை நோட்டை நிறுத்தாதீர்கள். ஜூன் 15-க்குப் பிறகு படகுகள் சரக்கோடு திரும்பும் நாட்களிலோ, கூட்டம் அலைமோதும் ஞாயிற்றுக்கிழமையிலோ எதையும் புதிதாக ஏற்றாதீர்கள். நான் இந்தக் கணக்குப் பார்க்காமல் ஒரு ஞாயிறு அதிகாலை புது வெர்ஷன் ஏற்றி, பில் வராமல் அரை மணி நேரம் ஆட்களை நிற்க வைத்திருக்கிறேன். ஐஸ் உருகுவதை அந்த வியாபாரி ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் நினைவில் இருக்கிறது.

பழைய வெர்ஷனுக்கு ஐந்து நிமிடத்தில் திரும்பும் வழி கையில் இல்லாமல் புதியதை ஏற்றக் கூடாது. எத்தனை போனில் ஏற்ற வேண்டுமோ அத்தனையிலும் ஏறியதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். 2012 ஆகஸ்ட் 1-ல் நைட் கேபிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தில் எட்டு சர்வரில் ஏழில் புதிய கோடு ஏறியது, ஒன்றில் ஏறவில்லை. அந்த ஒன்றில் கிடந்த பழைய கோடு உயிர்பெற்று ஆர்டராகப் போட்டுத் தள்ளியது. சுமார் 45 நிமிடத்தில் ஏறக்குறைய 44 கோடி டாலர் நஷ்டம்.

இப்போது பராமரிப்பு. பாடத்தில் இது கடைசிப் பக்கம், பாதிப் பேர் படிப்பதில்லை. வாழ்க்கையில் இதுதான் பெரிய பகுதி. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை பக்கத்தில் இருப்பதால் நமக்குப் புரிவது எளிது. பெட்டி செய்து வெளியே அனுப்ப ஆகும் காலம் கொஞ்சம். அதன்பின் அது ஓடும் காலம் பல பத்தாண்டுகள். அத்தனை வருடமும் பேசின் பிரிட்ஜ் யார்டு போன்ற இடத்துக்கு வந்து கழுவி, பிரேக் பார்த்து, தண்ணீர் நிரப்பித்தான் திரும்பப் போகும். யாரும் அதைப் பெட்டி செய்தவர்களின் குறை என்று சொல்வதில்லை. மென்பொருளில் மட்டும், "செஞ்சு முடிச்சாச்சே, இன்னும் என்ன வேலை?" என்று கேட்கிறார்கள்.

தப்பு திருத்துவது மட்டும் பராமரிப்பு என்று நினைப்பதால் வரும் கேள்வி அது. 1976-லேயே பர்டன் ஸ்வான்சன் என்ற ஆய்வாளர் இதை மூன்றாகப் பிரித்தார்: தப்பைத் திருத்துவது, வெளியே மாறிய சூழலுக்கு ஏற்ப மாற்றுவது, பயன்படுத்துபவர் கேட்கும் மேம்பாடு. இதில் இரண்டாவதுதான் நம்மைத் தூங்க விடாது. எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடைக்கு நான் எழுதியதைச் சொல்கிறேன். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. ஆயத்த ஆடைக்கு 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. அவசரத்தில் அந்த 1,000-ஐயும் 12-ஐயும் கோடுக்குள்ளேயே எண்ணாக எழுதிவிட்டேன், நாலு இடத்தில். 2025 செப்டம்பர் 22-ல் அது 2,500 வரை 5, மேலே 18 என்று மாறியது. மூன்று இடத்தை மாற்றினேன். நாலாவது, சரக்குத் திரும்ப வரும்போது போடும் பில்லில் ஒளிந்திருந்தது. தீபாவளி நெருக்கத்தில் திரும்பி வந்த துணிகளுக்கெல்லாம் வரி தப்பாகக் கழிந்தது. எண்ணையும் அது எந்தத் தேதி முதல் செல்லும் என்பதையும் ஒரு டேபிளில் வைத்திருந்தால் ஐந்து நிமிட வேலை. எது மாறக்கூடியது என்று வடிவமைப்பின்போதே கேட்டு, அதைக் கோடுக்கு வெளியே வைத்துவிடுவது அந்தக் கடைக்காரருக்கு நான் செய்யத் தவறிய உதவி.

மேயிர் லேமன் என்ற ஆய்வாளர் 1974-ல் இதை ஒரு விதியாகவே சொன்னார்: பயன்பாட்டில் உள்ள மென்பொருளை உலகத்தோடு சேர்த்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் பயன் தேய்ந்துகொண்டே போகும். மாமாவும் இரண்டு வருடத்தில் வேறு வியாபாரம் செய்துகொண்டிருப்பார். கருவாடு சேரும், இன்னொரு வண்டி வரும், ஓட்டல்கள் வாட்ஸ்அப்பில் பில் கேட்கும். அதற்கெல்லாம் மாதம் இவ்வளவு என்று பராமரிப்புத் தொகையை முதல் நாள் பக்கத்திலேயே எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

பேக்கப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையில் நம் பக்கம் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று உங்களுக்கே தெரியும். எனக்கு வேண்டிய ஒரு கடையில் கம்ப்யூட்டர் மேஜையடியில் தரையில் இருந்தது. பேக்கப் எடுத்த ஹார்டு டிஸ்க் அதே மேஜையின் கீழ் டிராயரில். இரண்டும் ஒரே தண்ணீரில் போயின. டிராயருக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னவன் நான்தான். எட்டு மாதக் கணக்கை வாடிக்கையாளர்களிடம் இருந்த பில்களைக் கேட்டு வாங்கி மறுபடி ஏற்றினோம். கொடுக்காதவர்கள் பாக்கி போனது போனதுதான். அன்றிலிருந்து என் வேலை எல்லாவற்றிலும் மூன்று பிரதி: ஒன்று கடையில், ஒன்று வேறு வகை சாதனத்தில், ஒன்று ஊருக்கு வெளியே கிளவுடில். மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து திரும்ப எடுத்தும் பார்க்கிறேன். திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று எண்ணுவதில்லை.

நாளைக்கு உங்களுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டால் மாமா என்ன செய்வார் என்பதும் பராமரிப்பில் சேர்ந்ததுதான். பாஸ்வேர்டு எங்கே, சர்வர் யார் பேரில், பணம் எந்தத் தேதியில் கட்ட வேண்டும், கணக்கு முழுவதையும் சாதாரண எக்செல் ஃபைலாக வெளியே எடுப்பது எப்படி என்று இரண்டு பக்கம் எழுதி மாமாவின் பீரோவில் வையுங்கள். ஒருநாள் இந்த மென்பொருளையே மூடிவிட்டு வேறொன்றுக்கு மாறுவார்கள். அன்றைக்கு அந்த ஃபைல்தான் உதவும்.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். மாலை நேரத்தில் தனியாகச் செய்வதாக வைத்துக்கொண்டு, என் கணக்கு இது: திட்டம் ஒரு வாரம்; பார்ப்பதும் கேட்பதும் மூன்று வாரம்; வடிவமைப்பு இரண்டு வாரம்; பாக்கிக் கணக்குத் துண்டுக்கு மட்டும் கோடிங் நாலு வாரம்; பழைய நோட்டை ஏற்றிச் சோதிப்பது மூன்று வாரம். ஜனவரி முதல் வாரம் தொடங்கினால் ஏப்ரல் 15-க்குத் தயார், கையில் ஒரு வாரம் மிஞ்சும். மே கடைசி வரை இரண்டு கணக்கும் ஓடட்டும். அடுத்த துண்டுக்கான பேச்சை ஜூலையில் எடுங்கள், அதுவரை மாமா என்ன கேட்டாலும் எழுதி மட்டும் வையுங்கள்.

முதல் வேலையாக இந்த வாரம் மாமாவோடு ஏலத்துக்குப் போங்கள். ஞாயிறு வேண்டாம், கூட்டத்தில் உங்களுக்கு யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். செவ்வாயோ புதனோ பாருங்கள். லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டு ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் எடுத்துப் போங்கள். பேனா மை ஈரத்தில் கலைந்துவிடும். கணக்கர் பக்கத்தில் நில்லுங்கள், மாமா பக்கத்தில் அல்ல. விடிந்தபின் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, ராத்திரி அவர் அடித்து எழுதிய வரிகளைக் காட்டி ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.